காவலிருப்பவனுக்கு இல்லாத துப்பாக்கி

ஒவ்வொரு சாதிக் கொலைக்குப் பின்னும் நம் இளைஞர்களிடையே ஒரு கேள்வி எழுகிறது: தற்காப்புக்காக நாம் ஏன் துப்பாக்கி உரிமம் கேட்கக் கூடாது? எந்தத் துப்பாக்கி, எங்கே பயிற்சி, என்ன செலவு என்றெல்லாம் அது விரிகிறது. பின்னர் இரண்டொரு வாரங்களில் அடங்கிவிடுகிறது. இக்கேள்வியை ஆத்திரத்தின் சொல்லாக மட்டும் கொண்டு ஒதுக்கிவிட முடியாது. இந்திய அரசே தன் சட்ட விதிகளில் எழுதி வைத்திருக்கும் ஓர் ஏற்பாட்டைத்தான் அவர்கள், பெரும்பாலும் அறியாமலேயே, கேட்கிறார்கள்.

பட்டியல் சாதிகள், பட்டியல் பழங்குடிகள் மீதான வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995 மார்ச் 31 அன்று அறிவிக்கப்பட்டன. அவற்றின் 3ஆம் விதி, வன்கொடுமையை முன்கூட்டியே தடுக்க மாநில அரசு செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிடுகிறது. அதன் ஐந்தாவது உட்கூறு, உயிருக்கும் உடைமைக்கும் பாதுகாப்பை உறுதிசெய்யும் பொருட்டு, தேவையெனக் கருதினால், பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் படைக்கல உரிமம் வழங்க வேண்டும் என்கிறது. நம் மேடைகளில் அவ்வப்போது மேற்கோள் காட்டப்படுவது இந்த உட்கூறுதான். இதற்கு முன்னால் நிற்கும் இரண்டு உட்கூறுகளைப் பேசுவோர் அரிது. மூன்றாவது உட்கூறு, அடையாளம் காணப்பட்ட பகுதிகளில் பட்டியல் சாதியினரோ பழங்குடியினரோ அல்லாதாரின் துப்பாக்கி உரிமங்களை, தேவையெனில், இரத்துச் செய்து, அத்துப்பாக்கிகளை அரசுப் படைக்கலக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. அவர்களுடைய நெருங்கிய உறவினர், வேலையாட்கள், குடும்ப நண்பர்கள் ஆகியோரின் உரிமங்களும் இதில் அடங்கும். நான்காவது உட்கூறு, கள்ளத் துப்பாக்கிகளைக் கைப்பற்றி, அவற்றின் உற்பத்தியைத் தடுக்கச் சொல்கிறது. வேலையாட்களையும் குடும்ப நண்பர்களையும் சேர்த்து எழுதிய கை, கிராமத்தில் துப்பாக்கி யார் பெயரில் இருக்கும், யார் தோளில் தொங்கும் என்பதை நன்றாக அறிந்த கை.

முப்பது ஆண்டுகளாக இந்த மூன்று உட்கூறுகளும் ஏட்டில் உள்ளன. இவற்றை மானாம்பதி போன்ற ஓர் ஊரில் வைத்துப் பார்த்தால் என்ன தெரிகிறது?

உத்திரமேரூர் வட்டம் ஏரிப்பாசனப் பூமி. நெல்லும் கரும்பும் வேர்க்கடலையும் விளையும். ஏரிக்கரையில் மண்டிய சீமைக்கருவேலமும் ஆங்காங்கே கிடக்கும் சிறு காப்புக்காடுகளும் வட தமிழகத்தின் இதுபோன்ற பகுதிகளில் காட்டுப்பன்றிக்கு மறைவிடமாகிவிட்டன. வேர்க்கடலை பிடிக்கும் பருவத்தில் ஒரே இரவில் அரை ஏக்கரை உழுதது போல் ஆக்கிவிடும் விலங்கு அது. ஆகவே இரவுக் காவல். காவலுக்குப் போகிறவர் நிலத்தின் சொந்தக்காரராக இருப்பது குறைந்துகொண்டே வருகிறது. கூலிக்கு அமர்த்தப்பட்டவரோ வாரத்துக்கு எடுத்துப் பயிர் செய்பவரோதான் டார்ச் விளக்கும் தகரமும் தடியுமாக வரப்பில் நிற்கிறார். அவர் எந்தத் தெருவிலிருந்து வருகிறார் என்று இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நாட்டின் சாகுபடிப் பரப்பில் பட்டியல் சாதியினர் வசமிருப்பது 9 விழுக்காட்டுக்கும் குறைவு என்பது 2015-16ஆம் ஆண்டு வேளாண் கணக்கெடுப்பு தரும் விவரம். பன்றியை நேரில் சந்திப்பவருக்கு நிலமில்லை. பயிர்ப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கி உரிமம் கோரும் விண்ணப்பமோ, பயிரிடப்படும் நிலம் எங்கே, பரப்பு எவ்வளவு என்று கேட்கிறது.

இங்கே சட்டத்தைச் சற்று நிதானமாகப் படிப்பது நல்லது. 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, பாதுகாப்புக்கோ விளையாட்டுக்கோ இருபது அங்குலத்துக்குக் குறையாத குழல் கொண்ட, உட்புறம் வழவழப்பான துப்பாக்கியை ஓர் இந்தியக் குடிமகன் கேட்டால் உரிமம் வழங்க வேண்டும் என்றே கூறுகிறது. உண்மையான பயிர்ப் பாதுகாப்புக்காக வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியைக் கேட்டாலும் அவ்வாறே. மறுப்பதற்கான காரணங்களை அடுத்த பிரிவு வரையறுக்கிறது. அதே 14ஆம் பிரிவில் நம்மவர்கள் மனப்பாடம் செய்ய வேண்டிய ஒரு வாசகம் உண்டு: போதிய சொத்து இல்லை என்ற ஒரே காரணத்துக்காக எவருக்கும் உரிமம் மறுக்கப்படக் கூடாது. மறுத்தால் காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். கேட்டால், பொதுநலனுக்கு மாறானது என்று கருதினாலொழிய, அதன் சுருக்கத்தைத் தர வேண்டும். 18ஆம் பிரிவின்படி மேல்முறையீடும் செய்யலாம்.

சொத்தில்லாதவனுக்கும் உரிமை உண்டு என்னும் இந்த வாசகத்தை உத்திரமேரூருக்கு அருகில் நின்று படிப்பதில் ஒரு தனிப் பொருள் இருக்கிறது. முதலாம் பராந்தகன் காலத்தில், 919இலும் 921இலும் பொறிக்கப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அங்கேதான் உள்ளன. மக்களாட்சியின் தொட்டில் என்று நாடாளுமன்றக் கட்டட விழா வரை கொண்டாடப்படும் அக்கல்வெட்டுகள், வாரியத்துக்குத் தெரிவு செய்யப்படுபவருக்கு வரி செலுத்தும் கால் வேலிக்கு மேற்பட்ட நிலமும் சொந்த மனையில் வீடும் வேதக் கல்வியும் வேண்டும் என்று விதித்தன. அந்தச் சபை பிராமணர்களின் சபை. நிலமே தகுதி என்னும் அந்த இலக்கணத்தை எழுத்தில் உடைத்தது அரசமைப்புச் சட்டமும் அதன் வழி வந்த சட்டங்களும். நடைமுறையில் அது உடைந்ததா என்பதுதான் கேள்வி.

உடையவில்லை. உரிமத்துக்கான வழியில் சொத்து என்ற சொல் இல்லாமலேயே சொத்து நிற்கிறது. 2016ஆம் ஆண்டுப் படைக்கல விதிகளின்படி விண்ணப்பதாரர் அங்கீகரிக்கப்பட்ட பயிற்சியாளரிடம் பாதுகாப்புப் பயிற்சி பெற்று, படிவம் எஸ்-1 எனப்படும் சான்றிதழை இணைக்க வேண்டும். மனநலம், உடல்தகுதி பற்றிய மருத்துவச் சான்று வேண்டும். துப்பாக்கியைப் பாதுகாப்பாகப் பூட்டி வைப்பேன் என்ற உறுதிமொழி வேண்டும். பின்னர் காவல்துறையின் விசாரணை அறிக்கை. இவை ஒவ்வொன்றும் தன்னளவில் நியாயமானவை. துப்பாக்கியைக் கையாளத் தெரியாதவரிடம் அதைக் கொடுப்பது கொலைக்குச் சமம். ஆனால் கூரை வீட்டில் பூட்டி வைக்கும் இரும்புப் பெட்டி எங்கே இருக்கும்? பயிற்சி தரும் கூடம் நகரத்தில். போய்வரும் நாளின் கூலி இழப்பு. விசாரணை அறிக்கை எழுதும் காவல் நிலையத்தில்தான் சில மாதங்களுக்கு முன் ஒரு வன்கொடுமைப் புகாரைப் பதிய மறுத்திருப்பார்கள். புகார் கொடுத்ததாலேயே எதிர்வழக்கில் சிக்கிய நம் இளைஞர் எத்தனை பேர்? நிலுவையில் ஒரு வழக்கு இருந்தாலே அறிக்கை எப்படி வரும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

விலையையும் சொல்லிவிட வேண்டும். 2012 டெல்லிக் கொடூரத்துக்குப் பின், பெண்களின் தற்காப்புக்கென்று 2014 சனவரியில் கான்பூர் அரசுத் தொழிற்சாலை 'நிர்பீக்' என்ற இலகுரக ரிவால்வரை அறிமுகப்படுத்தியது. அதன் அன்றைய விலை ரூ.1.22 இலட்சத்தைத் தாண்டியது. 2025-26ஆம் ஆண்டுக்குத் தமிழ்நாட்டில் அறிவிக்கப்பட்ட நூறுநாள் வேலைக் கூலி நாளொன்றுக்கு ரூ.336. ஆண்டுக்கு நூறு நாளும் முழுக்கூலியும் தவறாமல் கிடைத்து, ஒரு ரூபாயும் செலவழிக்காமல் சேர்த்தாலும் மூன்றரை ஆண்டுகளுக்கு மேல் ஆகும். ஏழைப் பெண்ணின் அச்சத்தைக் காட்டி, வசதியானவர்களின் கைப்பைக்குச் செய்யப்பட்ட பொருள் அது என்பதே என் மதிப்பீடு.

சரி, துப்பாக்கி கைக்கு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அது என்ன செய்யும்?

கழனியிலும் காட்டோரத்திலும் விலங்கிடமிருந்து தப்ப வேண்டிய நிலையில் ரிவால்வர் ஏறத்தாழப் பயனற்றது. ஓடிவரும் பன்றியை இருட்டில் கைத்துப்பாக்கியால் குறி தவறாமல் சுடுவது பல்லாண்டுப் பயிற்சி உள்ளவருக்கும் அரிது. பன்னிரண்டு போர் இரட்டைக்குழல் துப்பாக்கியே இவ்வகைத் தேவைக்கு உலகெங்கும் ஏற்றதாகக் கருதப்படுகிறது. சிதறும் குண்டுகள் கொண்ட தோட்டா முப்பது நாற்பது மீட்டர் வரை பயன்தரும். சிறு பறவைக் குண்டுகள் பன்றியின் தோள்பகுதித் தடித்த தோலைத் துளைக்காமல் காயப்படுத்த மட்டுமே செய்யும். காயம்பட்ட பன்றி காயமில்லாத பன்றியைவிடப் பன்மடங்கு ஆபத்தானது. சட்டம் எளிதாகத் தரும் நாட்டுத் துப்பாக்கியோ ஒரே வெடி. மருந்தையும் பால்ரஸ் குண்டுகளையும் மீண்டும் கெட்டிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். மழைநாளில் மருந்து நமத்துப்போனால் அந்த ஒரு வெடியும் இல்லை.

பயிற்சி என்பது குறிபார்ப்பதன்று என்பதை முதல் நாளிலேயே எந்த நல்ல பயிற்சியாளரும் சொல்லிவிடுவார். எந்தத் துப்பாக்கியையும் தோட்டா உள்ளதாகவே கருதுவது, சுட விரும்பாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதிருப்பது, சுடும் கணம்வரை விசையில் விரல் வைக்காதிருப்பது, இலக்கு எது என்றும் அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்றும் அறியாமல் சுடாதிருப்பது. இந்த நான்கில் கடைசியானது கிராமத்து இரவில் மிகக் கடினம். கரும்புத் தோட்டத்தில் அசைவது பன்றியா, மலங்கழிக்க வந்த மனிதரா, பக்கத்து வயலின் காவல்காரரா? பன்றி என்று எண்ணி மனிதரைச் சுட்ட செய்திகள் தமிழ்நாட்டின் மலையோர மாவட்டங்களிலிருந்து திரும்பத் திரும்ப வருகின்றன. வரப்பு தாண்டும்போது தோட்டாவை எடுத்துவிட வேண்டும் என்னும் எளிய விதியை மறந்து தன் காலையே சுட்டுக்கொண்டவர்களும் உண்டு. கல்லூரி மாணவர்களுக்கு ஒன்று சொல்லலாம். துப்பாக்கியை முறையாகக் கையாளக் கற்க உரிமம் தேவையில்லை. தேசிய மாணவர் படையில் சேர்ந்தால்.22 ரைஃபிளில் அப்பயிற்சி செலவின்றிக் கிடைக்கும். நம் மாணவர்கள் அதில் சேராமல் விடுவதற்குக் காரணமில்லை.

விலங்கைச் சுடுவதற்கு வேறொரு சட்டமும் குறுக்கே நிற்கிறது. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் 11ஆம் பிரிவு, தன்னையோ பிறரையோ காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் வன விலங்கைக் கொல்வது குற்றமாகாது என்கிறது. உடனே ஒரு நிபந்தனையும் சேர்க்கிறது: அத்தற்காப்பு தேவைப்பட்ட வேளையில் அச்சட்டத்தை மீறும் எதையேனும் செய்துகொண்டிருந்தவருக்கு இந்த விலக்கு இல்லை. சரணாலயத்துக்குள் அனுமதியின்றி விறகு பொறுக்கப் போன பெண் தன்மீது பாய்ந்த விலங்கைக் கொன்றால், அவள் தற்காப்பு தற்காப்பாக நிற்பதே சந்தேகம். பயிரைக் காப்பது இந்த விலக்குக்குள் வரவே வராது. அதற்கு அனுமதி வேண்டும். 2025 சனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் பொன்முடி சட்டமன்றத்தில் அறிவித்த திட்டத்தின்படி, காப்புக்காட்டிலிருந்து ஒரு கிலோமீட்டருக்குள் பன்றியைச் சுடக் கூடாது. ஒன்று முதல் மூன்று கிலோமீட்டர்வரை பிடித்துக் காட்டில் விட வேண்டும். மூன்றுக்கு அப்பால் வனத்துறையினரே சுடலாம். கேரளம் 2022இல் உள்ளாட்சித் தலைவர்களுக்கு உத்தரவிடும் அதிகாரம் தந்து, உரிமம் பெற்ற துப்பாக்கி வைத்திருப்போரைக் கொண்டு சுட வழிசெய்தது. அங்கே துப்பாக்கி தனியார் கையில் இருக்க வேண்டியது திட்டத்தின் அடிப்படையாகிவிடுகிறது. தமிழ்நாட்டின் ஏற்பாடு தாமதமானது, ஆள்பற்றாக்குறை கொண்டது என்ற குறைகள் உண்மை. ஆயினும் நிலமுள்ளவரின் துப்பாக்கிக்குப் புதிய நியாயம் தேடித் தராத ஏற்பாடு அது. அந்த அளவில் நமக்கு அதுவே மேல்.

இன்னொன்றும் உண்டு. நம் வட்டாரத்துக் கழனியில் மனிதரைக் கொல்லும் உயிரினம் முதன்மையாகப் பாம்பு. 2000 முதல் 2019 வரை இந்தியாவில் பாம்புக்கடியால் இறந்தோர் ஏறத்தாழ 12 இலட்சம் என்று ஓர் ஆய்வு மதிப்பிட்டது; அதாவது ஆண்டுக்குச் சராசரி 58,000. தமிழ்நாடு 2024 நவம்பரில்தான் பாம்புக்கடியைக் கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோயாக்கியது. நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சை எடுத்துத் தரும் இருளர் கூட்டுறவுச் சங்கம் பக்கத்து மாவட்டத்து வடநெம்மேலியில் இருக்கிறது. அதே இருளர் வயலில் கடிபட்டால் மருந்து கிடைக்கும் மருத்துவமனைக்குப் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகிறது? பாம்புக்கு அடுத்தபடி, பன்றிக்காக நிலக்காரர் திருட்டு மின்சாரத்தில் போட்ட வேலி. அதை மிதிப்பவரும் பெரும்பாலும் இரவில் நடக்க வேண்டியிருக்கும் கூலியாளே. இவ்விரண்டுக்கும் எந்தத் துப்பாக்கியும் விடையன்று. முழங்கால்வரை காலணி, நல்ல விளக்கு, நஞ்சுமுறி மருந்து, மின்வாரியத்தின் சோதனை ஆகியவையே விடை.

விலங்கை விட்டு மனிதருக்கு வருவோம். நம் கேள்வி உண்மையில் அங்கிருந்துதான் எழுந்தது.

ஆயுதமும் சாதியும் பற்றி அண்ணல் அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் சொன்னது இன்றும் அடிப்படை. இந்தியாவில் ஏன் சமூகப் புரட்சி நிகழவில்லை என்ற வினாவுக்கு, நால்வருணம் அடித்தட்டு மக்களை நேரடிச் செயலுக்கு ஆற்றலற்றவர்களாக்கியது. ஆயுதம் ஏந்தும் உரிமையும் கல்வியும் மறுக்கப்பட்டதால் அவர்களால் கிளர்ந்தெழ இயலவில்லை என்று அவர் விடை கண்டார். ஐரோப்பிய எளியவர்களுக்குப் படைச்சேவை கிட்டியது, இங்கே கிட்டவில்லை என்பது அவர் ஒப்பீடு. அவர் தந்தையே படையில் சுபேதாராக இருந்தவர். மகர்களுக்குப் பின்னர் அடைக்கப்பட்ட படைக்கதவு, 1941இல் மகர் படைப்பிரிவு அமைந்தபோதுதான் முறையாகத் திறந்தது. சென்னைப் படையில் பறையர்கள் பெருமளவில் இருந்த பயனீர் பிரிவு 1933இல் கலைக்கப்பட்டது. வீரச் சாதிகள் என்று வெள்ளையர் வகுத்த கோட்பாட்டில் நமக்கு இடமில்லாமற் போயிற்று.

லிட்டன் காலத்து 1878ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் இந்தியருக்கு உரிமத்தைக் கட்டாயமாக்கி, ஐரோப்பியருக்கு விலக்களித்தது. அது இனப்பாகுபாடு என்று நாம் படித்திருக்கிறோம். அன்றைய விலக்குகளில் ஒன்று இன்றும் உயிரோடிருப்பதை எத்தனை பேர் அறிவோம்? குடகர் இனத்தாருக்கும் ஜம்மா நிலவுரிமை உடையோருக்கும் குறிப்பிட்ட வகைத் துப்பாக்கிகளை உரிமமின்றி வைத்துக்கொள்ள விலக்கு உண்டு. 2019இல் ஒன்றிய அரசு அதை 2029வரை நீட்டித்தது. சாதியையும் நிலத்தையும் அடிப்படையாகக் கொண்ட இந்த விலக்கு சமத்துவத்துக்கு எதிரானது என்ற வழக்கில், 2021 செப்டம்பரில் கருநாடக உயர்நீதிமன்றம் விலக்கை ஏற்றுக்கொண்டது. அந்தக் குடகின் காப்பித் தோட்டங்களில் யானையின் காலடியில் மடிகிறவர்களில் எரவரும் குறும்பருமான தொழிலாளிகள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஜம்மா நிலமும் இல்லை, விலக்கும் இல்லை.

கீழவெண்மணிக்கு வருவோம். 1968 டிசம்பர் 25 இரவில் நெல் உற்பத்தியாளர் சங்கத்து நிலக்கிழார்களின் ஆட்கள் துப்பாக்கிகளோடு வந்தார்கள். சூட்டுக்கு அஞ்சி ஒரு சிறு குடிசைக்குள் ஒதுங்கிய 44 பேர் எரிக்கப்பட்டார்கள். கூலி உயர்வு கேட்டவர்களிடம் இருந்தது கம்பும் கல்லும். பீகாரின் பதானி தோலாவில் 1996 சூலை 11 அன்று 21 பேர். லட்சுமண்பூர் பாத்தேயில் 1997 டிசம்பர் 1 அன்று 58 பேர். அங்கே ரணவீர் சேனையின் கையிலிருந்தவை துப்பாக்கிகள். இரு வழக்குகளிலும் பாட்னா உயர்நீதிமன்றத்தில் தண்டனைகள் நிற்கவில்லை. 2012இலும் 2013இலும் விடுதலை. மூன்றாவது, நான்காவது உட்கூறுகள் எதற்காக எழுதப்பட்டன என்பதற்கு இதைவிட விளக்கம் வேண்டியதில்லை.

நம் மாவட்டத்தின் நினைவோ வேறொரு துப்பாக்கியைச் சொல்கிறது. 1891இல் செங்கல்பட்டு ஆட்சியர் திரமென்கீர் எழுதிய அறிக்கையிலிருந்து பிறந்த பஞ்சமி நிலத்தை மீட்கும் போராட்டத்தில், காரணையில் நிறுவிய அம்பேத்கர் சிலை அகற்றப்பட்டதைக் கண்டித்து 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டவர்கள்மீது காவல்துறை சுட்டது. ஜான் தாமசும் ஏழுமலையும் உயிரிழந்தனர். பரமக்குடியில் 2011 செப்டம்பர் 11 அன்றும் சுட்டது காவல்துறையே. 3ஆம் விதியின் எந்த உட்கூறும் இந்தத் துப்பாக்கியைத் தொடுவதில்லை.

தமிழ்நாட்டில் சாதிக் கொலையின் கருவி பெரும்பாலும் துப்பாக்கியன்று, அரிவாள். மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசன் 1997 சூன் 30 அன்று பேருந்தில் சென்றபோது வழிமறித்து வெட்டப்பட்டார். உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று நட்ட நடுப்பகலில், கண்காணிப்புக் கேமராவின் முன், சில நொடிகளில் ஒரு கொலை நிகழ்ந்து முடிந்தது. தெரிந்த முகம் அருகில் வந்து, கூட்டத்தின் நடுவில், எதிர்பாராத கணத்தில் வெட்டும் இக்கொலைகளின் முறைக்கு முன் இடுப்பில் துப்பாக்கி இருந்தாலும் உருவ நேரமிராது. உருவிச் சுட்டாலும், பின்னால் நிற்பவர் மீது குண்டு பாயாது என்று யார் உறுதி சொல்வார்? சுட்ட பிறகு நீதிமன்றம். பாரதிய நியாய சன்கிதாவின் 34 முதல் 44 வரையிலான பிரிவுகள் தற்காப்புரிமையை ஏற்கின்றன; ஆனால் அச்சூழல் நிலவியது என்று காட்டும் பொறுப்பு சுட்டவருடையது. ஆதிக்கச் சாதியினர் தற்காப்பு என்றால் நம்பும் காவல் நிலையம், சேரி இளைஞர் தற்காப்பு என்றால் எப்படிப் பதியும்?

அமெரிக்கக் கறுப்பின மக்கள் இவ்வழியில் நடந்து பார்த்தவர்கள். வட கரோலினாவின் மன்ரோ நகரில் முன்னாள் படைவீரர் ராபர்ட் வில்லியம்ஸ் முறைப்படி ரைஃபிள் சங்கத்தில் பதிந்து, தம் மக்களுக்குப் பயிற்சி தந்து, 1957இல் கூ க்ளக்ஸ் கிளான் கும்பலைத் திருப்பி அனுப்பினார். அது வெற்றிதான், மறுக்கத் தேவையில்லை. நான்காண்டுகளில் அவர் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. மாண்ட்கொமரியில் 1956இல் தம் வீட்டின்மீது குண்டு வீசப்பட்ட பின் மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி உரிமம் கேட்டார், மறுக்கப்பட்டது. கலிபோர்னியாவில் கருஞ்சிறுத்தைகள் சட்டப்படி துப்பாக்கி ஏந்திச் சுற்றியபோது, 1967இல் அந்தச் சட்டமே மாற்றப்பட்டது. கையொப்பமிட்டவர் ஆளுநர் ரீகன். ஒடுக்கப்பட்டவர் கைக்கு ஆயுதம் போகும்போது மட்டும் கட்டுப்பாடு விழித்துக்கொள்ளும் என்பதில் அந்த நாட்டுக்கும் இந்த நாட்டுக்கும் பெரிய வேறுபாடில்லை. இங்கே உரிமமில்லாத துப்பாக்கிக்கு, 2019 திருத்தத்தின்படி, குறைந்தது இரண்டாண்டு முதல் ஐந்தாண்டு வரை சிறை. முன்பின் யோசியாமல் கள்ளத் துப்பாக்கி தேடும் இளைஞர் இதை அறிந்திருக்க வேண்டும். அவர் கையில் அது சிக்கும் நாள் எதிராளிக்குத் திருநாள்.

எனவே துப்பாக்கி உரிமம் கேட்கக் கூடாது என்கிறேனா? இல்லை. ஊரிலிருந்து தள்ளித் தனித்திருக்கும் வீடு, மிரட்டலுக்கு உள்ளான ஊராட்சித் தலைவர், வன்கொடுமை வழக்கின் முதன்மைச் சாட்சி, மீட்ட பஞ்சமி நிலத்தில் குடியேறிய குடும்பம் ஆகியோர் விண்ணப்பிக்க வேண்டும். ஐந்தாவது உட்கூற்றையும் 13, 14ஆம் பிரிவுகளையும் சுட்டி விண்ணப்பிக்க வேண்டும். கிடைத்தால் பாதுகாப்பு, மறுத்தால் மறுப்பாணையே ஆவணம். அந்த ஆவணத்தைக் கொண்டு, சட்டத்தின் 15-அ பிரிவு தரும் சாட்சிப் பாதுகாப்பையும், குற்றம் செய்யக்கூடியவரைப் பகுதியை விட்டு வெளியேற்றும் 10ஆம் பிரிவையும் வலுவாகக் கேட்கலாம். ஆனால் ஓர் இயக்கம் தன் முதல் கோரிக்கையாக வைக்க வேண்டியது மூன்றாவது உட்கூறு. நமக்கு ஒரு துப்பாக்கி கிடைப்பதற்குள் அவர்களுக்குப் பத்து கிடைத்திருக்கும். உரிமத்துக்கான எல்லாப் படிகளும் அவர்கள் வீட்டு வாசற்படிகள். அவர்களிடமிருந்து பத்தையும் வாங்கி வைப்பது நமக்கு ஒன்றைக் கொடுப்பதைவிட மலிவு, விரைவு, பயன்மிக்கது.

அது நடைமுறைக்கு ஒவ்வாது என்று அதிகாரிகள் சொல்வார்கள். தேர்தல் அறிவிக்கப்பட்டதும் என்ன நடக்கிறது என்று பாருங்கள். உரிமம் பெற்ற துப்பாக்கிகளைக் காவல் நிலையத்தில் ஒப்படைக்கும்படி ஆணை வருகிறது. ஆய்வுக் குழு விலக்குகளைப் பரிசீலிக்கிறது. சில வாரங்களில் மாவட்டத்தின் துப்பாக்கிகள் எண்ணி, பெயரெழுதி, அடுக்கி வைக்கப்படுகின்றன. வாக்குப்பெட்டியைக் காக்க இது முடிகிறதென்றால், சேரியைக் காக்கவும் முடியும். பட்டியல் தயாராக இருக்கிறது, இடம் தயாராக இருக்கிறது, ஆணையிடும் ஆட்சியரும் அவரேதான்.

விதிகளின்படி ஆட்சியர் தலைமையிலான மாவட்டக் கண்காணிப்புக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறையேனும் கூட வேண்டும். அடுத்த கூட்டத்துக்கு முன் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்க வேண்டியவை சிலவே. காஞ்சிபுரம் மாவட்டத்தில் நடப்பிலுள்ள துப்பாக்கி உரிமங்கள் எத்தனை? அவற்றில் பயிர்ப் பாதுகாப்புக்கு எத்தனை, தற்காப்புக்கு எத்தனை? பட்டியல் சாதியினர், பழங்குடியினர் பெயரில் எத்தனை? கடந்த பத்தாண்டுகளில் இவர்களிடமிருந்து வந்த விண்ணப்பங்கள், மறுப்புகள், எழுத்தில் பதிந்த காரணங்கள் எவை? 3ஆம் விதியின்கீழ் மாவட்டத்தில் அடையாளம் காணப்பட்ட ஊர்கள் எவை, அவ்வூர்களில் மூன்றாவது உட்கூற்றின்படி இரத்தான உரிமங்கள் எத்தனை? மானாம்பதியிலிருந்து ஒரு மாணவர் வெள்ளைத் தாளில் இதை எழுதி, பத்து ரூபாய் நீதிமன்ற வில்லையை ஒட்டி, ஆட்சியர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒப்புகை அட்டையுடன் அனுப்பலாம். முப்பது நாளில் பதில் வர வேண்டும்.